பதினொன்றாம் நம்பர் போட்ட இருபத்தொன்பது புள்ளிகள்

எங்கள் கம்பெனியில் சர்வதேசக் கூடைப்பந்து இறுதிப் போட்டி நடந்தது என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. அங்கே உட்கார்ந்து புள்ளிவிவரம் ஏற்றிய எனக்கே அது நம்பிக்கை வராத சமாச்சாரம்தான். எங்கள் மேலிடத்துக்கு உலகம் என்பது நான்கு ஃபேக்டரி: பிலிப்பைன்ஸில் ஒன்று, தாய்லாந்தில் ஒன்று, வியட்நாமில் ஒன்று, ஒரகடத்தில் ஒன்று. நான்கிலும் காருக்குள் ஓடும் வயர்களைக் கட்டுக் கட்டாகச் செய்கிறோம். வியட்நாம் அணிக்கு விசா கிடைக்கவில்லை. தாய்லாந்துப் பெண்கள் வியாழக்கிழமையே தோற்றுவிட்டு, மறுநாள் தி.நகருக்குப் புடவை பார்க்கப் போய்விட்டார்கள். மிச்சமிருந்த இரண்டு அணியும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மோதின. பேனரில் 'சர்வதேச மகளிர் இறுதிப் போட்டி' என்று போட்டிருந்தது. பேனரில் போட்டுவிட்டால் அப்புறம் பேச்சே கிடையாது.

மைதானம் என்பது கன்டெய்னர் லாரிகள் நிற்கும் சிமென்ட் தரை. பத்து நாள் முன்பு லாரிகளை வல்லம் ரோட்டுக்குத் துரத்திவிட்டு, ஆயில் கறையின் மேலேயே மஞ்சள் கோடு போட்டார்கள். கைதட்ட ஆள் வேண்டுமே என்று மத்தியானம் வர வேண்டிய பி ஷிப்ட் பெண்கள் நானூறு பேரைக் காலையிலேயே வரவழைத்து வெயிலில் உட்கார வைத்தார்கள். இதற்கு ஓ.டி. கிடையாது, தொப்பி உண்டு.

பிலிப்பைன்ஸ் கொடியை அட்மின் ஆட்கள் தலைகீழாகக் கட்டியிருந்தார்கள். அந்த அணியோடு வந்திருந்த மரிசெல் என்ற அம்மாள்தான் பேப்பரில் ஸ்கோர் எழுதுகிறவள். அவள் என்னிடம் வந்து, சிவப்பு மேலே இருந்தால் எங்கள் நாடு போரில் இருக்கிறது என்று அர்த்தம் என இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னாள். போய் அட்மினில் சொன்னேன். "மேலிடத்து டைரக்டர் வர்றதுக்கு இன்னும் அர மணி நேரம் கீதுபா. ஏணி கெடச்சா மாத்திடலாம்" என்றார்கள். ஏணி கிடைக்கவில்லை. முழு ஆட்டமும் போரில்தான் நடந்தது.

நான் சிவசங்கர். ப்ரொடக்ஷன் டேட்டா பார்ப்பவன், பதினொரு வருஷமாக பர்மனென்ட். எந்த லைனில் எத்தனை பீஸ் நல்லதாக வந்தது, எத்தனை கெட்டது என்று மணிக்கு ஒரு தரம் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. எண் ஏற்றத் தெரிந்தவன்தானே என்று போட்டியின் புள்ளிவிவரத்தையும் என் தலையில் கட்டினார்கள். கூடைப்பந்து தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் அணியில் இருந்தேன், மூன்று வருஷமும் பெஞ்சில்.

எங்கள் அணியில் எட்டுப் பேர். ஆறு பேர் ஆபீஸ் பெண்கள். கையில் பந்து வந்ததும் அதை வேறு யாரிடமாவது தள்ளிவிட வேண்டும் என்ற அவசரம் அவர்களுக்கு. வருஷக்கணக்காக மெயிலை ஃபார்வர்டு செய்தே வந்த பழக்கம். ஏழாவது ஆள் சுவாதி, நாலாம் லைனின் லீடர். பக்கத்துக் கிராமம். அவள் அப்பா கம்பெனிக்கு நிலம் கொடுத்ததில் கிடைத்த பர்மனென்ட் வேலை. நல்ல உயரம், நிற்கத் தெரியும், ஓடத்தான் வராது. ஏழாம் நம்பர் பனியன்.

எட்டாவது ஆள் பூமாரி. அவளைச் சேர்க்காமல் விட்டிருந்தால் எங்கள் அணி தாய்லாந்தோடு சேர்ந்து புடவை பார்க்கப் போயிருக்கும். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், பள்ளியில் மாவட்ட அணிக்கு ஆடியவள். படப்பையில் ஹாஸ்டல். நாலாம் லைனில் சுவாதிக்குக் கீழே வேலை. நாள் முழுக்கக் கனெக்டர் ஓட்டைக்குள் வயர்முனையை அழுத்தி அழுத்தி இரண்டு கட்டைவிரலிலும் வெள்ளை பிளாஸ்திரி சுற்றியே இருக்கும். பதினொன்றாம் நம்பர் பனியன். காண்ட்ராக்ட்.

காண்ட்ராக்ட் என்றால் எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். ஆறு மாதம் வேலை, அப்புறம் ஒரு மாதம் 'பிரேக்'. ஊருக்குப் போய்விட்டுப் புது டோக்கன் நம்பரோடு புது ஆளாகத் திரும்ப வேண்டும். அப்போதுதான் எவளும் ஒரே இடத்தில் தொடர்ந்து வேலை பார்த்ததாக ரெக்கார்டு இருக்காது. இதைக் கண்டுபிடித்த மூளைக்கு விருது கொடுத்திருக்க வேண்டும். கொடுத்திருப்பார்கள், நாம்தான் பேனரைக் கவனித்திருக்க மாட்டோம்.

இந்த லட்சணத்தில் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. எங்கள் எச்.ஆர். தலைவர் ரங்கநாதன் சார் அதை மைக்கில் வாசித்தார். இறுதிப் போட்டியின் சிறந்த வீராங்கனை புள்ளிவிவரப்படி தேர்ந்தெடுக்கப்படுவார். அவர் தற்காலிகப் பணியாளராக இருந்தால் அன்றே நிரந்தரமாக்கப்படுவார். வாசித்துவிட்டு, ஏதோ தன் கைக்காசிலிருந்து கொடுப்பவர் போல் சிரித்தார்.

அன்று சாயங்காலமே பூமாரி என் மேசைக்கு வந்தாள்.

"சார், அவிய வாசிச்சது நெசந்தானா? பர்மனென்ட் குடுத்துருவாவளா?"

"பேப்பர்ல கீதும்மா. டைரக்டர் கையெழுத்து போட்டுக்கீறாரு."

"இந்த மாசம் முப்பத்தொண்ணோட எனக்கு பிரேக் சார். இது நாலாவது. போன தடவ ஊருக்குப் போனப்பவே மாப்ள வீட்டுக்காரவள வரச்சொல்லிட்டாவ. நான் ஓடி வந்துட்டேன். இந்த தடவ போனேம்னா விடவே மாட்டாவ, தாலி கட்டித்தான் விடுவாவ. பர்மனென்ட்டுன்னு ஒரு தாள் இருந்தா எங்கப்பா கிட்ட காட்டிருவேன்."

"அப்போ ஆடு. பாயிண்ட்ட நான் போட்டுக்கறேன்" என்றேன். பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் லேப்டாப்பில் எட்டுப் பேரின் பெயரை ஏற்றினேன். இந்தப் புள்ளிவிவர மென்பொருளை ஐ.டி. ஆட்கள் எங்கிருந்தோ வாங்கவில்லை. நான் தினமும் பார்க்கிற ப்ரொடக்ஷன் ஸ்கிரீனையே எடுத்து, நல்ல பீஸ் என்று இருந்த இடத்தில் புள்ளி என்றும், கெட்ட பீஸ் என்று இருந்த இடத்தில் ஃபவுல் என்றும் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அதற்கு மூன்று மீட்டிங். எம்ப்ளாயி நம்பர் இல்லாமல் அதில் யாரையும் ஏற்ற முடியாது. ஏழு பேருக்கு நம்பர் இருந்தது. பூமாரிக்கு டோக்கன்தான், எழுத்தில் தொடங்கும் டோக்கன், அதைக் கட்டம் ஏற்கவில்லை.

லைனில் இதற்கு வழி உண்டு. காண்ட்ராக்ட் பெண் செய்கிற பீஸை அவளுடைய லீடர் நம்பரில் ஏற்றுவோம். நல்ல பீஸ், அதாவது 'ஓகே', லீடர் பெயரில் போகும். கெட்ட பீஸ், அதாவது 'என்.ஜி.', அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும் டோக்கன் மேல் விழும். லீடரே கெடுத்தாலும் டோக்கன் மேல்தான். நல்லது மேல் பெயருக்கு, கெட்டது கீழ்ப் பெயருக்கு. நாலு வருஷமாக தினமும் மணிக்கு ஒரு தரம் இதைத்தான் செய்கிறேன். என் விரலுக்கு மூளையின் உதவி தேவைப்படாத அளவுக்குச் செய்திருக்கிறேன். அன்றைக்கும் விரலே வேலையை முடித்தது. சுவாதியின் நம்பருக்குக் கீழே பூமாரியின் டோக்கனை இணைத்தேன். கட்டம் பச்சையானது. டீ குடிக்கப் போய்விட்டேன்.

முட்டாள்தனம் என்று உங்களுக்கு இப்போதே தெரிகிறது. எனக்குத் தெரியவில்லை.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது ஒன்றுதான் அன்று உண்மையாக நடந்தது. பிலிப்பைன்ஸ் பெண்கள் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்தே பந்தைத் தட்டியவர்கள். முதல் கால் பகுதியில் பதினெட்டுக்குப் பத்து என்று எங்களை மிதித்தார்கள். ஆபீஸ் பெண்கள் பந்தை ஃபார்வர்டு செய்துகொண்டே இருந்தார்கள். கடைசியில் அது பூமாரியிடம் வந்து சேரும். அவள் யாருக்கும் ஃபார்வர்டு செய்யவில்லை. குள்ளமான பெண், இரண்டு ஆள் உயரத்துக்கு நடுவில் புகுந்து போவாள், போன வேகத்தில் நின்று மேலே எறிவாள். பிளாஸ்திரி போட்ட கட்டைவிரலால் பந்தை எப்படிப் பிடித்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. தூரத்திலிருந்து இரண்டு தடவை மூன்று-புள்ளி போட்டாள். தொப்பி போட்ட நானூறு பெண்களும் சூப்பர்வைசர் சைகை காட்டாமலே கத்தினார்கள். அதை நிறுத்தச் சொல்ல ஒரு சூப்பர்வைசர் எழுந்துகூட நின்றார், டைரக்டரும் கைதட்டுவதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

நான் தட்டிக்கொண்டே இருந்தேன். பதினொன்று, இரண்டு. பதினொன்று, மூன்று. என் லேப்டாப்பிலிருந்து என் முதுகுக்குப் பின்னால் இருந்த பெரிய எல்.இ.டி. திரைக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. தரையைப் பார்க்கவே கண் போதவில்லை.

கடைசி ஆறு வினாடி. ஐம்பத்தாறுக்கு ஐம்பத்தேழு, நாங்கள் ஒன்று பின்னால். பூமாரி உள்ளே புகுந்தாள், அவர்களுடைய நெட்டைப் பெண் கையில் அடித்துவிட்டாள். இரண்டு ஃப்ரீ த்ரோ. பூமாரி ஒரு கட்டைவிரல் பிளாஸ்திரியைப் பல்லால் கடித்துப் பிய்த்துத் துப்பினாள். முதல் பந்து விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு விழுந்தது. இரண்டாவது எதிலும் படாமல் விழுந்தது. அவர்கள் ஓடி வந்து எறிந்த கடைசிப் பந்து வளையத்தில் பட்டு வெளியே போயிற்று. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழு. என் பக்கத்தில் இருந்த மரிசெல், தோற்ற நாட்டுக்காரி, எழுந்து நின்று பூமாரிக்குக் கைதட்டினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சொல்ல வெட்கமில்லை, வெட்கப்பட வேண்டியது பின்னால் வருகிறது.

மேடையில் ரங்கநாதன் சார் கையில் தாள். "சிறந்த வீராங்கனை. முப்பத்துமூன்று புள்ளி, திரும்பி வந்த பந்தைப் பிடித்த ரீபவுண்ட் பதினாலு. ஒரு ஃபவுல்கூட இல்லை, ஒரு பந்தைக்கூடத் தவறவிடவில்லை. நம்ம நாலாம் லைன் லீடர், சுவாதி!"

சுவாதி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பாட்டிலோடே எழுந்தாள். ஆட்டத்தில் அவள் போட்டது நாலு புள்ளி, அதில் இரண்டு அவள் முதுகில் பட்டு உள்ளே போனது. மேடைக்குப் போகிற வழியில் பூமாரியைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள், அப்புறம் டைரக்டரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"சுவாதி ஏற்கனவே நம்ம பர்மனென்ட் எம்ப்ளாயி. அதனால அந்தப் பரிசு இந்த வருஷம் பொருந்தாது. அதுக்குப் பதிலா நம்ம டைரக்டரோட ஒரு போட்டோ!"

நானூறு தொப்பிகளும் கைதட்டின. இந்த முறை சூப்பர்வைசர் சைகை காட்ட வேண்டியிருந்தது. போட்டோ எடுத்தார்கள். பூமாரி வரிசையின் ஓரத்தில் நின்றாள், போட்டோகிராஃபர் அவளை இன்னும் கொஞ்சம் ஓரமாகப் போகச் சொன்னார்.

லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். சுவாதி: புள்ளி முப்பத்துமூன்று, ஃபவுல் பூஜ்யம். பூமாரி, டோக்கன்: புள்ளி பூஜ்யம், ரீபவுண்ட் பூஜ்யம், ஃபவுல் நாலு, தவறவிட்ட பந்து ஆறு. ஒரு புள்ளிகூடப் போடாமல், ஒரு பந்தைக்கூடப் பிடிக்காமல், நாற்பது நிமிஷமும் மைதானத்தில் அலைந்து ஆட்களை இடித்துக்கொண்டே இருந்த ஒருத்தியை நாங்கள் எதற்கு வெளியே எடுக்கவில்லை என்று இந்தத் தாளைப் பார்க்கிற எவனுக்கும் தோன்றவில்லை. டைரக்டருக்கு முன் வரிசை. குடை பிடிக்கத் தனியாக ஓர் ஆள். கண் இரண்டும் நன்றாகத் தெரிகிறவர். கண்ணால் பார்த்ததை நம்பாமல் தாளை நம்பினார், அதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

மரிசெல் தன் பேப்பரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பதினொன்றாம் நம்பர் இருபத்தொன்பது புள்ளி. ஏழாம் நம்பர் நாலு. உங்கள் மெஷின் இரண்டு பேரை ஒருத்தியாக்கிவிட்டதே, எப்படி என்று கேட்டாள். எங்கள் வழக்கம் அப்படி என்று எந்த இங்கிலீஷில் சொல்வது? மிஸ்டேக் என்றேன். உடனே சரிசெய்துவிடுங்கள், அந்தப் பெண்ணுக்கு வேலை இதில்தானே இருக்கிறது என்று கார்பன் பிரதியைக் கிழித்து என் கையில் கொடுத்தாள். வந்து நாலே நாளான வெளிநாட்டுக்காரிக்குத் தெரிந்திருந்தது.

டைரக்டர் நாலு மணிக்கு ஏர்போர்ட் கிளம்புவதாக ஏற்பாடு. அப்போது மணி ஒன்று பத்து. முதலில் சுவாதியைப் பிடித்தேன். கேன்டீனில் சாம்பார் சாதத்துக்குப் பக்கத்தில் ஷீல்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா சுவாதி, மேடையிலயே இது எனுது இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை. "இன்னா சார், என்ன கேக்கறீங்க? டெய்லி நானூறு பீஸ் அவ போடறா. உங்க கையாலதான் என் பேர்ல ஏத்தறீங்க. போன வருஷம் பெஸ்ட் லீடர்னு மிக்சி குடுத்தாங்க, அப்பவும் நீங்கதான் லிஸ்ட் குடுத்தீங்க. அன்னிக்கு யாரும் என்கிட்ட வந்து ஒண்ணும் கேக்கல. இன்னிக்கு பந்துன்னா மட்டும் ரோசம் பொத்துகினு வருதா?"

"இது அவ வேலம்மா. பர்மனென்ட் போவுது."

"அதுவும் அவ வேலதான் சார். நீங்க பேப்பர மாத்துங்க, ஷீல்ட நான் இப்பவே அவகிட்ட குடுக்கறேன். எனுக்கு இன்னாத்துக்கு இது? வூட்ல வெக்கக்கூட எடம் இல்ல."

அவளைத் திட்டலாம் என்று போனவன், கார்பன் பிரதியை எடுத்துக்கொண்டு எச்.ஆர். பக்கம் நடந்தேன்.

ரங்கநாதன் சார் அறையில் ஏ.சி. இரைந்துகொண்டிருந்தது. கார்பன் பிரதியை வாங்கிப் பொறுமையாகப் பார்த்தார். அவர் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். கெட்டவராக இருக்கக் கொஞ்சம் உழைப்பு வேண்டும்.

"சரிதான் சிவா. நானும் மேட்ச் பாத்தேனே. அந்தப் பொண்ணுதான் ஆடினா."

"அப்போ மாத்திடலாமா சார்?"

"தாராளமா. டேட்டா கரெக்ஷன் ஃபார்ம் ஃபில் பண்ணுங்க. நானே டைரக்டர்கிட்ட எடுத்துட்டுப் போறேன். கெஸ்ட் ரூம்லதான் இருக்கார். இன்னிக்கே அந்தப் பொண்ணுக்கு ஆர்டர் வாங்கித் தரேன்."

ஃபார்ம் கொடுத்தார். எங்கள் ஃபேக்டரியில் எந்தத் தப்பு நடந்தாலும் இந்த ஃபார்ம்தான். ஐந்து 'ஏன்' கேட்டு ஐந்துக்கும் பதில் எழுத வேண்டும். ஒரு ஸ்குரூ கீழே விழுந்தாலும் ஐந்து ஏன். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன்.

ஏன் புள்ளிகள் வேறு பெயரில் போயின? இருவரும் ஒரே நம்பரில் ஏற்றப்பட்டதால். ஏன் ஒரே நம்பரில் ஏற்றப்பட்டார்கள்? பூமாரிக்கு எம்ப்ளாயி நம்பர் இல்லாததால். ஏன் இல்லை? அவர் காண்ட்ராக்ட் என்பதால். ஏன் லீடர் நம்பரோடு இணைக்கப்பட்டார்? லைனில் நாலு வருஷமாக அப்படித்தான் இணைக்கப்படுகிறார்கள் என்பதால்.

ஏன் லைனில் அப்படி?

அங்கே பேனா நின்றது. ரங்கநாதன் சார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், எந்தக் கேள்வியில் நிற்பேன் என்று அவருக்கு முன்பே தெரியும்.

"எழுதுங்க சிவா. காண்ட்ராக்ட் ஆளுங்க நேரா உற்பத்தியில இருக்கக் கூடாது, சும்மா ஒத்தாசைக்குத்தான். அதான் ரூல். அதனால அவங்க பேர்ல ஒரு பீஸ்கூட இருக்கக் கூடாதுன்னு இப்படி ஏத்தறோம். எழுதுங்க, நான் தடுக்கல."

நான் எழுதவில்லை.

"இது ஆடிட்டுக்குப் போவும். ஆடிட்ல முதல்ல என்ன கேப்பாங்க? ஏத்தினது யாரு, யாரோட லாகின். உங்களோடதுதானே? எங்க யார் கையெழுத்தும் அதுல இல்லையே. வாய்லதானே சொன்னோம்."

"டைப்பிங் மிஸ்டேக்னு மட்டும் எழுதிடட்டுமா சார்?"

"அப்படின்னா அது அடுத்த வருஷத்துக்கான சஜஷனா போவும். அவார்ட மாத்த அஞ்சு ஏனும் வேணும். டைரக்டர் நாலு மணி வரைக்கும் இருக்கார். யோசிச்சு எடுத்துட்டு வாங்க."

நாலு பதிலோடு ஃபார்மை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தேன். எனக்கு வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள், பதினொரு வருஷ சர்வீஸ், நாற்பதைத் தொடப்போகிற வயது. இந்த மூன்றையும் மாற்றி மாற்றி எனக்கே சொல்லிக்கொண்டேன். எல்லாம் உண்மைதான். அதனால்தான் அவற்றைச் சொல்வது அவ்வளவு சுலபமாக இருந்தது.

இரண்டரை மணிக்குப் பூமாரி வந்தாள். பனியனை மாற்றி யூனிஃபார்ம் போட்டுவிட்டாள், பி ஷிப்ட் தொடங்கிவிட்டது. கட்டைவிரலில் புதுப் பிளாஸ்திரி. ஃபார்மைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

"சார், ஒரு சின்ன விஷயம்."

"பர்மனென்ட் சமாச்சாரமாம்மா? அது வந்து, சிஸ்டம்ல ஒரு..."

"தெரியும் சார். ஹாஃப் டைம்லயே திரையில பாத்தேன். நான் அப்ப பதினாலு போட்டிருந்தேன், எம்பேருக்கு நேரா பூஜ்யம்னு இருந்துச்சு."

"பாத்தியா? அப்பவே வந்து சொல்லியிருக்கலாமே! ஒரு நிமிஷத்துல மாத்தியிருப்பேனே!" என் குரல் உயர்ந்துவிட்டது. தப்பை அவள் மேல் தள்ள ஒரு இடம் கிடைத்ததும் எனக்கு வந்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"லைன்லயும் அப்படித்தான வரும் சார். சரி, இங்கயும் அப்படித்தான் போடுவாவ போலன்னு நெனச்சுட்டேன்."

அவள் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். மழை பெய்தால் நனையும் என்கிற மாதிரி சொன்னாள்.

"அது போவட்டும் சார். நோட்டீஸ் போர்டுல எனக்கு நாலு ஃபவுல்னு போட்டிருக்கு. எனக்கு மூணுதான். ஒண்ணு சுவாதி அக்காவோடது, மூணாவது குவார்ட்டர்ல அந்த நெட்டப் பிள்ளைய அவியதான் தள்ளுனாவ. பிரேக் முடிஞ்சு மறுபடி எடுக்கயில பழைய டோக்கன்ல என்.ஜி. எத்தனன்னு பாப்பாவல்லா? ஊருக்குப் போயிட்டு திரும்பி வர முடிஞ்சா, அந்த ஒண்ணால தள்ளிரக் கூடாது. அத மட்டும் எடுத்துருதியளா?"

கார்பன் பிரதியைப் பார்த்தேன். பதினொன்றாம் நம்பருக்கு ஃபவுல் மூன்றுதான்.

நல்லதை ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்கு நகர்த்த ஐந்து ஏன், ஒரு டைரக்டர், ஒரு ஆடிட். டோக்கன் மேல் இருக்கிற கெட்டதைக் கூட்டவோ குறைக்கவோ யாருடைய கையெழுத்தும் வேண்டாம், என் லாகினே போதும். அதற்கு யாரும் இதுவரை ஃபார்ம் அடிக்கவில்லை. இரண்டு தட்டு தட்டினேன். நாலு மூன்றானது. திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

அவள் குனிந்து பார்த்தாள். முகம் உண்மையாகவே மலர்ந்தது. "ரொம்ப தேங்க்ஸ் சார். நீங்க ஒருத்தர்தான் கேட்டதும் செஞ்சீய" என்றாள். லைனுக்கு லேட்டாகிறது என்று ஓடினாள்.

மணி இரண்டு நாற்பது. டைரக்டர் கிளம்ப இன்னும் ஒரு மணி இருபது நிமிஷம் இருந்தது. ஃபார்ம் என் கைக்குக் கீழேதான் இருந்தது, பேனாவில் மை இருந்தது, ஐந்தாவது ஏனுக்கு என்ன எழுத வேண்டும் என்று ரங்கநாதன் சாரே சொல்லிக் கொடுத்திருந்தார். மூன்று மணி அடித்ததும் ப்ரொடக்ஷனை ஏற்றினேன். நாலாம் லைன், ஓகே எல்லாம் சுவாதி பெயரில்.

நாலு மணிக்கு டைரக்டரை வழியனுப்ப எல்லோரும் கேட் அருகில் வர வேண்டும் என்று மைக்கில் கூப்பிட்டார்கள். போய் இரண்டாவது வரிசையில் நின்றேன். கார் நகர்ந்ததும் சூப்பர்வைசர் கையைத் தூக்கினார். நானும் கைதட்டினேன்.